சிலம்பக் கம்பு தடையின்றிச் சுழல்வது எப்படி?

கோயில் பண்டிகை நாட்களில் சிலம்பாட்டம் நடைபெறுவதை நீங்கள் நின்று பார்த்திருப்பீர்கள். ஒரே உயரம், ஒரே வயது உள்ள இரண்டு இளைஞர்கள் ஒரே மாதிரியான கம்பைச் சுற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கையில் கம்பு 'விர்' என்ற ஓசையுடன் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நீர் ஓடுவது போல ஓடுகிறது. எங்கே ஒரு வீச்சு முடிந்தது, எங்கே அடுத்தது தொடங்கியது என்று நம்மால் சொல்ல முடிவதில்லை. மற்றவர் கையிலோ கம்பு ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் ஒரு கணம் நின்று, பிறகு வெடுக்கென்று கிளம்புகிறது. ஐந்து நிமிடத்தில் அவருக்குத் தோள் கடுக்கிறது; மூச்சு வாங்குகிறது.

பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? "இவனுக்கு உடம்பில் தெம்பு போதாது" என்பார்கள். அல்லது, "அவனுக்கு அது பிறவியிலேயே வந்தது" என்பார்கள். இந்த இரண்டு தீர்ப்புகளுமே பலருக்குத் தீங்கு செய்கின்றன. முதல் தீர்ப்பைக் கேட்டவர் இன்னும் பலமாகச் சுழற்றப் பார்த்து மணிக்கட்டை நோகடித்துக் கொள்கிறார். இரண்டாவதைக் கேட்டவர், "எனக்கு இதெல்லாம் வராது" என்று கம்பைக் கீழே வைத்துவிடுகிறார். உண்மையில் அசைவு தடைப்படுவதற்குப் பெரும்பாலும் பலக்குறைவு காரணமல்ல. தேவையில்லாத இடத்தில், தேவையில்லாத நேரத்தில் பலம் செலவாவதே காரணம். இதை இயற்பியலின் துணையோடு படிப்படியாகப் பார்ப்போம்.

பேருந்து கற்பிக்கும் பாடம்

இராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டைக்குப் பேருந்தில் நின்றுகொண்டே வருகிறீர்கள். பேருந்து ஒரே சீரான வேகத்தில் ஓடும்போது உங்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. வேகம் சீராகக் கூடும்போதும் சற்று முன்னால் சாய்ந்து சமாளித்துக் கொள்கிறீர்கள். எப்போது தடுமாறுகிறீர்கள்? ஓட்டுநர் பிரேக்கை அழுத்தியபடியே வண்டியை நிறுத்தும்போது, வண்டி நிற்கும் அந்தக் கடைசிக் கணத்தில்! அதுவரை முன்னால் தள்ளப்பட்ட உங்கள் உடல் திடீரென்று பின்னால் சாய்கிறது. அனுபவமுள்ள ஓட்டுநர் வண்டி நிற்பதற்குச் சற்று முன்பே பிரேக்கை மெல்லத் தளர்த்துகிறார். வண்டி நின்றதே தெரிவதில்லை.

இரண்டு ஓட்டுநர்களும் ஒரே தூரத்தில் வண்டியை நிறுத்தியிருக்கலாம். வேறுபாடு எங்கே? வேகம் மாறும் வீதத்தை முடுக்கம் என்கிறோம். அந்த முடுக்கமே மாறும் வீதம் ஒன்று உண்டு. பொறியியலார் அதை 'ஜெர்க்' என்பார்கள். நாம் அதைக் குலுக்கு என்று அழைப்போம். முதல் ஓட்டுநரின் வண்டியில், நிற்கும் கணத்தில் எதிர்முடுக்கம் சட்டென்று பூஜ்யமாகிறது. ஆகவே குலுக்கு மிகப் பெரியது. இரண்டாமவர் எதிர்முடுக்கத்தைப் படிப்படியாகக் குறைக்கிறார், குலுக்கு சிறியது.

ரயில் பாதை அமைப்போரும் இதை நன்கு அறிவார்கள். நேர்ப்பாதையை அப்படியே வட்ட வளைவோடு இணைப்பதில்லை. இடையில், வளைவு சிறிது சிறிதாகக் கூடுகின்ற இணைப்புப் பாதை ஒன்றைப் போடுகிறார்கள். கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தை ஓட்டும் நல்ல ஓட்டுநர் ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்காமல் சீராகச் சுற்றுவதும் இதே காரணத்தால்தான்.

இப்போது 'தடையற்ற அசைவு' என்றால் என்ன என்பதற்கு ஓர் இலக்கணம் கிடைத்துவிட்டது. அது மெதுவான அசைவு அல்ல, வேகமாகவும் இருக்கலாம். அது பலமில்லாத அசைவும் அல்ல. விசை திடீரென்று மாறாமல், இழைந்து மாறும் அசைவே தடையற்ற அசைவு. நாதஸ்வரத்தில் ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்குக் குழைந்து செல்வதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் அவர்களின் ஒலிப்பதிவுகளில் கேட்டிருப்பீர்கள். இரண்டு சுரங்களுக்கு நடுவே ஒலி அறுபடுவதில்லை. அதுபோலவே இரண்டு வீச்சுகளுக்கு நடுவே விசை அறுபடக் கூடாது.

கையின் இயல்பான விதி

மேசைமீது இருக்கும் ஒரு தம்ளரை நோக்கிக் கையை நீட்டுகிறீர்கள். அப்போது கையின் வேகம் எப்படி மாறுகிறது? 1985ஆம் ஆண்டில் தமார் ஃபிளாஷ், நெவில் ஹோகன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதற்கு அழகானதொரு கணித விளக்கம் தந்தார்கள். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கை இயல்பாகச் செல்லும்போது, மொத்தக் குலுக்கு மிகக் குறைவாக இருக்கும் பாதையையும் வேகத்தையும் ஒட்டியே அது செல்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஓர் எடுத்துக்காட்டு. கை 60 சென்டிமீட்டர் தூரத்தை 1 விநாடியில் கடக்கிறது என்போம். குலுக்கு மிகக் குறைவாக இருக்க வேண்டுமானால், முதல் கால் விநாடியில் கை ஏறத்தாழ 6 சென்டிமீட்டர்தான் செல்ல வேண்டும். அரை விநாடியில் 30 சென்டிமீட்டர். முக்கால் விநாடியில் 54 சென்டிமீட்டர். முடிவில் 60 சென்டிமீட்டர். சராசரி வேகம் விநாடிக்கு 60 சென்டிமீட்டர். நடுவழியில் உள்ள உச்ச வேகமோ 112.5 சென்டிமீட்டர்; அதாவது சராசரியைப் போல 1.875 மடங்கு. நேரத்துக்கு எதிரே வேகத்தை வரைந்தால், கவிழ்த்து வைத்த மணியின் வடிவம் கிடைக்கும். மெல்ல எழுந்து, நடுவில் உயர்ந்து, மெல்ல இறங்குகிறது.

இதில் நமக்கு ஒரு நற்செய்தி இருக்கிறது. தம்ளரை எடுப்பதில் நாம் எல்லோருமே தேர்ந்த கலைஞர்கள்! தடையற்ற அசைவு யாரோ சிலருக்கு மட்டும் கிடைத்த வரம் அல்ல. நன்கு பழகிய செயல் எதிலும் நம் கை அதைத் தானாகவே செய்கிறது. கம்பைக் கையில் கொடுத்ததும் அது ஏன் மறைந்துபோகிறது என்பதே கேள்வி.

கம்பின் கணக்கு

160 சென்டிமீட்டர் நீளமும் 400 கிராம் நிறையும் உள்ள ஒரு கம்பை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவைப் பற்றிச் சுழற்றும்போது அதன் நிலைமத் திருப்புத்திறன், நிறை × நீளத்தின் வர்க்கம் ÷ 12. கணக்கிட்டால் ஏறத்தாழ 0.085 கிலோகிராம் மீட்டர்² என்று வரும். விநாடிக்கு 2 சுற்று என்பது சாதாரணமாகப் பழகியவர் எட்டக்கூடிய வேகம். அப்போது கம்பின் நுனி விநாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. கம்பின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 6.7 ஜூல். ஒரு கிலோகிராம் எடையை 68 சென்டிமீட்டர் உயரம் தூக்குவதற்குச் சமம் இது.

வீச்சின் முடிவில் கம்பை நிறுத்தி மீண்டும் கிளப்புகிறவர் இந்த 6.7 ஜூலை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தர வேண்டும். விநாடிக்கு ஒரு முறை இப்படிச் செய்தால் நிமிடத்துக்கு 402 ஜூல். நம் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் வேலையாக மாறுகிறது, மீதி வெப்பமாகிறது. ஆகவே உடல் செலவிடுவது நிமிடத்துக்கு 1,600 ஜூல். காற்றின் தடையை வெல்வதற்கான ஆற்றலை இருவருமே செலவிட்டாக வேண்டும். நிறுத்தி நிறுத்திச் சுழற்றுபவருக்கு அதற்கும் மேலே இந்த வீண் செலவு!

அதோடு முடியவில்லை. கம்பை நிறுத்துவதற்கும் தசை பாடுபட வேண்டும். கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவிக்குப் படியிறங்கிப் போனவர்களுக்கு இது தெரியும். இறங்குவது எளிது என்றுதான் நினைப்போம். பாதி வழியிலேயே தொடைகள் நடுங்கத் தொடங்கும், மறுநாள் வலிக்கும். உடலைத் தூக்குவதற்கு மட்டுமன்றி, விழாமல் தடுத்து நிறுத்துவதற்கும் தசைகள் உழைக்கின்றன என்பதே இதன் பொருள்.

சரி, தேர்ந்தவர் என்ன செய்கிறார்? உடலின் வலப்பக்கமும் இடப்பக்கமும் மாற்றி மாற்றி, எட்டு என்ற எழுத்து போலக் கம்பைச் சுற்றுபவரைக் கூர்ந்து பாருங்கள். அவருக்கு வலப்புறமாக நின்று பார்த்தால், கம்பு எந்தப் பக்கம் இருந்தாலும் அது சுழலும் போக்கு மாறுவதில்லை. சுழற்சித் தளம்தான் சற்றே சாய்ந்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நழுவுகிறது. அவர் கோண உந்தத்தை அழிப்பதில்லை. அதன் திசையை மட்டும் சிறிது திருப்புகிறார். சைக்கிள் ஓட்டும்போது திரும்ப வேண்டுமானால் நின்று, இறங்கி, வண்டியைத் தூக்கித் திருப்பி வைக்கிறோமா? ஓடிக்கொண்டே அல்லவா திரும்புகிறோம்! அதே சிக்கனம்தான் இங்கும். வேண்டியது பெரிய விசை அல்ல. சரியான கணத்தில், சரியான திசையில் ஒரு சிறு திருப்பு விசை.

தசைகளின் இழுபறி

உங்கள் இடது கையால் வலது மேற்கையைப் பற்றிக்கொள்ளுங்கள். வலது முழங்கையை மெல்ல மடக்குங்கள். முன்பக்கத்து இருதலைத் தசை திரளும். பின்பக்கத்து முத்தலைத் தசை தளர்ந்தே இருக்கும். இப்போது கையை அசைக்காமல், 'பலமாக இருக்க வேண்டும்' என்று நினைத்து முழுக்கையையும் இறுக்குங்கள். முன்னும் பின்னும் இரண்டு தசைகளும் கல்லாகின்றன! ஒன்று மடக்கப் பார்க்கிறது. மற்றொன்று நீட்டப் பார்க்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் இரு பக்கமும் சமபலம் இருந்தால் கயிறு நகர்வதில்லை. ஆனால் இழுப்பவர்கள் களைத்துப் போவார்கள். அதுதான் இங்கும் நடக்கிறது.

புதிதாக ஒன்றைப் பழகும்போது எதிரெதிர்த் தசைகள் ஒரே நேரத்தில் இறுகுவது இயல்பு. கம்பு கைநழுவிவிடும் என்ற அச்சத்தில் உடல் எடுத்துக்கொள்ளும் பாதுகாப்பு அது. பழகப் பழக இந்த இழுபறி குறைகிறது என்பதைத் தசைகளின் மின்குறிப்புகளைப் பதிவுசெய்து கண்டிருக்கிறார்கள். ஆகவே, "இன்னும் பலமாகச் சுற்று" என்ற யோசனை என்ன செய்கிறது பாருங்கள். சுழற்றும் தசைக்குப் பலம் கூடும்போது, அதை எதிர்க்கும் தசையும் கூடவே இறுகுகிறது. பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்சிலேட்டரை அழுத்துவது போல! சிலம்ப வாத்தியார்கள் "கையை இறுக்காதே" என்று சொல்வதன் பொருள், "பிரேக்கிலிருந்து காலை எடு" என்பதுதான்.

இளக்கம் வேறு, தொய்வு வேறு என்பதையும் மறக்கக் கூடாது. கையை முழுதும் தொய்யவிட்டால் கம்பு பறந்து போய் யார் தலையிலாவது விழும். வேண்டிய தசை, வேண்டிய கணத்தில், வேண்டிய அளவு இறுகி உடனே விடுவதே இளக்கம்.

ஏழு வழிகள்

தோள்மூட்டு மூன்று விதமாக அசையும்: முன்னும் பின்னும், பக்கவாட்டில், தன்னைத்தானே சுற்றி. முழங்கை ஒரு விதமாக மடங்கும். முன்கை உள்ளும் புறமும் திரும்பும். மணிக்கட்டு இரண்டு விதமாக அசையும். ஆக மொத்தம் ஏழு. வெளியில் உள்ள ஒரு புள்ளியில் குறிப்பிட்ட ஒரு சாய்வோடு கம்பைப் பிடிக்க ஆறு போதும். ஆகவே ஒரே வீச்சைக் கை எண்ணற்ற விதங்களில் செய்ய முடியும்!

நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் (1896–1966) என்ற சோவியத் அறிஞர் 1920களில் மாஸ்கோவில் இதை ஆராய்ந்தார். உளிமீது சுத்தியலால் அடிக்கும் தொழிலாளர்களின் கை மூட்டுகளில் சிறு விளக்குகளைப் பொருத்திப் படமெடுத்தார். ஒவ்வோர் அடியிலும் சுத்தியல் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு முறையும் சற்று வேறுவிதமாக அசைந்தன. தேர்ந்த தொழிலாளியின் கை ஓர் இயந்திரம் போல ஒரே அசைவைத் திரும்பச் செய்வதில்லை. ஒரு மூட்டில் ஏற்படும் சிறு பிழையை இன்னொரு மூட்டு உடனே ஈடுசெய்துவிடுகிறது.

புதியவர் இந்த ஏழு வழிகளையும் ஒரே நேரத்தில் ஆள முடியாமல், சிலவற்றைப் பூட்டிவிடுகிறார். தோளை உயர்த்தி, முழங்கையை விறைத்து, மணிக்கட்டால் மட்டும் சுற்றுகிறார். வேலை முழுதும் அந்தச் சிறு மூட்டின்மீது விழுகிறது. பயிற்சி கூடும்போது பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. முழங்கை, தோள், இடுப்பு, முழங்கால் எல்லாம் சிறிது சிறிது பங்கேற்கின்றன. சிலம்பத்தில் பல வாத்தியார்கள் கம்பைக் கையில் தருவதற்கு முன்பே காலடி வரிசைகளைப் பழக்குவதன் பயன் இங்கே விளங்கும். கால் நகர்ந்து இடுப்பு திரும்பும்போது கையும் கம்பும் சேர்ந்து நகர்ந்துவிடுகின்றன. தோள் தனியே இழுக்க வேண்டியதில்லை. சற்று மடங்கிய முழங்கால், வண்டியின் வில் போல அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது.

கண் சொல்வதற்குள்…

ஒரு பொருளைக் கண்ணால் பார்த்து, மூளை முடிவுசெய்து, கை அசையத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 0.2 விநாடி ஆகிறது. விநாடிக்கு 2 சுற்று சுழலும் கம்பு, இந்த 0.2 விநாடியில் 144 பாகை திரும்பிவிடும்! அதாவது, 'கம்பு இங்கே இருக்கிறது' என்று கண் பார்த்துக் கையைத் திருத்துவதற்குள் கம்பு ஏறக்குறைய எதிர்ப்பக்கம் போய்விடும். ஆகவே கம்பைக் கண்ணால் துரத்துபவர் எப்போதும் பிந்தியே திருத்துவார். பிந்திய திருத்தம் ஒவ்வொன்றும் ஒரு குலுக்கு.

பிறகு எப்படித்தான் சுழற்றுகிறார்கள்? முன்கணிப்பால்! கம்பு அடுத்து எங்கே இருக்கும், அப்போது எவ்வளவு விசை தேவைப்படும் என்பதை மூளை முன்கூட்டியே கணித்து ஆணையிடுகிறது. இதில் தலையின் பின்புறம் அடியில் உள்ள சிறுமூளைக்குப் பெரும்பங்கு உண்டு. அனுப்பிய ஆணையையும் கிடைத்த விளைவையும் அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. வேறுபாடு இருந்தால் அடுத்த ஆணையைத் திருத்துகிறது. ஒவ்வொரு தவறிய வீச்சும் சிறுமூளைக்கு ஒரு பாடம். எனவே கம்பு தவறி விழுந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. எடுத்துத் தொடர வேண்டியதுதான்.

மெதுவாகப் பழகு, ஆனால் அங்கேயே நின்றுவிடாதே

மெதுவாகப் பழகும்போது இறுக்கம் எங்கே வருகிறது என்பதை உணர முடிகிறது; திருத்த நேரமும் கிடைக்கிறது. ஆகவே மெதுவாகத் தொடங்குவதே முறை. ஆனால் பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. "மெதுவாகச் சுற்றும்போது நன்றாக வருகிறது, வேகம் கூட்டினால் கெட்டுப்போகிறது, ஏன்?"

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதே கம்பை ஒரு நுனியில் பிடித்துச் சுழற்றினால், கை தர வேண்டிய மையநோக்கு விசை கோண வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 4 விநாடிக்கு 1 சுற்று என்றால் 0.8 நியூட்டன்தான். கம்பின் எடையே 3.9 நியூட்டன், ஆகவே அங்கே கையின் முக்கிய வேலை கம்பின் எடையைத் தாங்குவது. விநாடிக்கு 1 சுற்று என்றால் 12.6 நியூட்டன். விநாடிக்கு 2 சுற்று என்றால் 50 நியூட்டனுக்கும் மேல். 5 கிலோகிராம் எடையைத் தூக்கிப் பிடிப்பது போன்ற இழுப்பு! வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. ஆகவே மெதுவான வீச்சும் வேகமான வீச்சும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் தசைகளுக்கு அவை வெவ்வேறு வேலைகள். மெதுவான பயிற்சி பாதையைக் கற்பிக்கும், விசையைக் கற்பிக்காது. அதனால் வேகத்தைச் சிறு சிறு படிகளாகக் கூட்ட வேண்டும். ஒரு படியில் இறுக்கமின்றி வந்த பிறகே அடுத்த படி. இறுக்கம் வந்தால் ஒரு படி இறங்க வேண்டும்.

ஜப்பானிலிருந்து ஒரு துணைச் சான்று

மொரிஹெய் உயெஷிபா (1883–1969) என்ற ஜப்பானியர் உருவாக்கிய தற்காப்புக் கலை அய்கிடோ. இதில் தாக்க வருபவரின் விசையை நேருக்கு நேர் தடுப்பதில்லை. அவரோடு இணைந்து நகர்ந்து, வட்டமாகத் திருப்பிவிடுகிறார்கள். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வருகிறார் என்போம். அவருடைய உந்தம் 120 அலகு. 0.1 விநாடியில் அவரைத் தடுத்து நிறுத்த சராசரியாக 1,200 நியூட்டன் விசை வேண்டும். திருப்பிக்கொண்டே 1 விநாடியில் நிறுத்தினால் 120 நியூட்டன் போதும். சிலம்பக் கம்பில் கண்ட அதே சிக்கனம்!

அய்கிடோ பழகுபவர்கள் தொடக்கத்திலேயே கற்பது, விழுவது எப்படி என்பதை. 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் உடல்மையம் 80 சென்டிமீட்டர் கீழே விழுந்தால், தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர். உந்தம் 200 அலகு. கையை விறைப்பாக ஊன்றி 0.02 விநாடியில் நின்றால், உடல் எடையைச் சேர்க்காமலே சராசரி விசை 10,000 நியூட்டன். மணிக்கட்டு எலும்பு முறிவது இப்படித்தான். கை, தோள், முதுகு என்று உருண்டு 0.2 விநாடியில் வேகம் தணிந்தால் 1,000 நியூட்டன்தான். அதுவும் ஓரிடத்தில் அல்ல, பரந்த இடத்தில். சைக்கிளிலிருந்தோ படியிலிருந்தோ விழும் எவருக்கும் பயன்படும் கலை இது. ஆனால் புத்தகம் படித்து விழுந்து பார்க்காதீர்கள்! மெத்தை விரித்து, ஆசிரியர் மேற்பார்வையில்தான் பழக வேண்டும்.

செய்து பாருங்கள்

1. ஒரு தம்ளரில் விளிம்புவரை நீர் ஊற்றி, கீழே சிந்தாமல் பத்து அடி நடந்து திரும்புங்கள். எப்போது சிந்துகிறது? புறப்படும்போதும் நிற்கும்போதும் திரும்பும்போதும்தான். அங்கேதான் குலுக்கு அதிகம். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு முறையும், இயல்பாக மூச்சு விட்டு ஒரு முறையும் நடந்து ஒப்பிடுங்கள்.

2. நண்பர் ஓர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துத் திடீரென்று விடட்டும். கீழ்முனையருகே விரல்களை விரித்து வைத்திருக்கும் நீங்கள் அதைப் பிடியுங்கள். 20 சென்டிமீட்டர் விழுந்த பின் பிடித்தால் உங்கள் மறுவினை நேரம் 0.2 விநாடி. 11 சென்டிமீட்டர் என்றால் 0.15 விநாடி. எவ்வளவு பழகினாலும் ஓர் எல்லைக்குக் கீழே குறையாததைக் காண்பீர்கள். முன்கணிப்பு ஏன் தேவை என்பதும் விளங்கும்.

3. ஆள் இல்லாத திறந்த வெளியில், கம்பின் ஒரு நுனியில் வெள்ளைத் துணி சுற்றி, வாத்தியாரையோ நன்கு பழகிய நண்பரையோ சுழற்றச் சொல்லுங்கள். பக்கவாட்டில் பாதுகாப்பான தூரத்தில் நின்று கைப்பேசியில் படமெடுங்கள். விநாடிக்கு 30 படம் என்றால் இரண்டு படங்களுக்கு இடையே 1/30 விநாடி. படத்தை ஒவ்வொன்றாக நகர்த்தி, வெள்ளை நுனியின் இடத்தைத் தாளில் புள்ளியாகக் குறியுங்கள். புள்ளிகள் நெருங்கினால் வேகம் குறைந்தது, விலகினால் கூடியது. பழகியவரின் புள்ளிகளையும் புதியவரின் புள்ளிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். புதியவரின் தாளில் புள்ளிகள் குவிந்து கிடக்கும் இடங்கள்தான் அவர் வீணாகக் களைத்துப் போகும் இடங்கள். மாதம் ஒரு முறை இப்படிப் பதிவு செய்தால் முன்னேற்றத்தைக் கண்ணாலேயே காணலாம்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. சிலம்பம் பழக விரும்பும் மாணவ மாணவியர் எண்ணிக்கை இனிக் கூடக்கூடும். அவர்களில் ஒருவர் நீங்களாக இருந்தால், முதல் மாதத்தில் கம்பு நின்று நின்று சுழல்வதைக் கண்டு மனம் தளர வேண்டாம். கையில் இல்லாத பலத்தைத் தேடவும் வேண்டாம். எந்தத் தசை வேலையில்லாமல் இறுகிக் கிடக்கிறது என்று தேடுங்கள். அதை விடுவித்த கணத்தில், கம்பு ஏற்கெனவே பெற்றிருக்கும் கோண உந்தமே உங்கள் வேலையில் பாதியைச் செய்துவிடும்.